ஒன்பதாவது வால்வு

மூன்றாவது தடவையும் வண்டி மேட்டின் பாதியில் நின்றது.

நின்றதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. மேலே உட்கார்ந்திருந்தவர் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றினார். வலது கால் மடங்காத கால். அது குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு மண்ணில் கோடு போட்டது. வண்டியின் பக்கவாட்டில் செருகியிருந்த நாலடி இரும்புச் சாவி கழன்று, பக்கத்தில் ஓடிய பெரிய குழாயில் ‘டங்’கென்று மோதி விழுந்தது.

மேட்டின் அடியில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கணவன் ஓடிப்போய் வண்டியின் வாலைப் பிடித்து நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி இதே மேட்டில் அவர் ஏறியாக வேண்டும். இன்னும் பதினெட்டு மணி நேரம்.

ஏறாவிட்டால்?

அதைச் சொல்ல எட்டு நாள் பின்னால் போக வேண்டும்.

*

அவருக்குச் சொந்தப் பேர் உண்டு. யாரும் கூப்பிடுவதில்லை. ஊருக்கே அவர் தண்ணிக்காரர். இருபத்தெட்டு வருடமாகக் காலையில் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர்.

வேலை இதுதான். பள்ளத்தில் இருக்கும் பம்ப் அறையில் டீசல் பம்பை ஓடவிட வேண்டும். குழாயில் அழுத்தம் ஏறியதும், தோள் உயரத்துக்கு இருக்கும் டீ வடிவச் சாவியைத் தூக்கிக்கொண்டு, குழாயை ஒட்டியே மேலே நடக்க வேண்டும். வழியில் ஒன்பது குழிகள், ஒன்பது வால்வுகள். ஒவ்வொன்றையும் திறக்கத் திறக்க ஒவ்வொரு தெருவாகக் குழாய்கள் இருமும், துப்பும், பிறகு கொட்டும். ஒன்பதாவது வால்வு மேட்டின் உச்சியில். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடுவார்.

போன வருடம் நாலாவது குழியில் கால் வழுக்கியது. முட்டியில் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். நடக்கலாம், மடக்க முடியாது. ஒரு மணி நேர வேலை ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. எட்டாவது, ஒன்பதாவது தெருக்காரர்கள் குளிக்காமலே வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

ஒன்பதாவது தெருவில்தான் தண்ணீர் இலாகாவின் மேற்பார்வையாளர் அம்மா குடியிருந்தார். விதி அப்படி விளையாடியது.

சனிக்கிழமை அந்த அம்மா பம்ப் அறைக்கே வந்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஐயா, நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல. ஆனா எங்க தெருவுல என்னைப் பாத்தாலே பக்கெட்டத் தூக்கிக் காட்டுறாங்க. ஒரு வாரம் தர்றேன். அதுக்கடுத்த திங்கக்கிழமை பாப்பேன். ஒன்பது வால்வும் ஒரு மணி நேரத்துல திறந்தா, நீங்க இங்கயே இருங்க. முடியலன்னா ஆபீஸ்ல வந்து உக்காந்துடுங்க. சம்பளத்துல ஒரு பைசா குறையாது. ஃபேன் இருக்கு. போன் வந்தா எடுக்கணும், அவ்வளவுதான்.”

“யாரும்மா போன் பண்ணுவாங்க?”

“தண்ணி வரலன்னு சொல்றவங்க.”

“நான் என்ன சொல்லணும்?”

“வரும்னு சொல்லணும்.”

அன்று மத்தியானம் தண்ணிக்காரர் தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். சோறு காய்ந்தது.

“ஆபீஸ்ல ஃபேன் இருக்குன்னு சொல்றாங்கல்ல?” என்றாள் மனைவி. “இந்த வெயில்ல நல்லதுதானே?”

“இருபத்தெட்டு வருஷமாத் தண்ணியத் திறந்துவிட்டவன்டி நான். இனிமே வரும் வரும்னு சொல்லிக்கிட்டு உக்காரணுமாம்.”

அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

*

அந்த வளாகத்தில் முன் வீட்டில் தண்ணிக்காரரும் மனைவியும். பின் வீட்டில் மகளும் மருமகனும். நடுவில் பன்னிரண்டு எட்டு வைத்தால் கடந்துவிடும் முற்றம்.

மகள் வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். தடித்த ரெக்சினில் ஊசி ஏற்றி ஏற்றி அவள் பெருவிரல் மரத்துப்போயிருந்தது. மருமகன் வெல்டர். வீட்டுக் கேட்டும் ஜன்னல் கம்பியும் அடிப்பவன். ஆள் வாட்டசாட்டம், எழுபத்தெட்டு கிலோ. வாயும் கொஞ்சம் கூடுதல்.

வாய்தான் வம்பு. மூன்று வருடம் முன்பு பெண் பார்க்க வந்தபோது மாமனார் ஆசையாகப் பம்ப் அறைக்கு அழைத்துப்போய்த் தன் டீசல் பம்பைக் காட்டினார். பச்சைப் பெயின்ட், துடைத்த பித்தளை. மாப்பிள்ளை அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, “நல்ல வெயிட்டு மாமா. பழைய இரும்புக்குப் போட்டா காசு அள்ளிடலாம்” என்றான். தமாஷுக்குத்தான்.

கல்யாணம் நடந்தது. மாமனார் நேராகப் பேசுவது நின்றது. அன்றிலிருந்து எல்லாம் மகள் வழியாகத்தான். ஒரே பந்தியில் உட்கார்ந்து, “பாப்பா, உன் வீட்டுக்காரருக்கு உப்பு வேணுமான்னு கேளு” என்பார். “உங்கப்பாகிட்ட வேணாம்னு சொல்லு” என்பான் இவன். உப்பு இருவருக்கும் நடுவில்தான் இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் விஷயம் பின் வீட்டுக்குப் போனது. மருமகன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யோசித்தான்.

“ஒரு வண்டி இருந்தா முடிஞ்சது.”

“எந்த வண்டிங்க? அந்தப் பாதையில வண்டி போகக் கூடாதுன்னுதானே வாசல்ல ரெண்டு கல்லு நட்டிருக்கு? நடுவுல ஆள் நுழையுற இடம்தான்.”

“தெரியும். ரெண்டாவது வால்வு தாண்டினா ரயில் பாதைக்கு அடியில குனிஞ்சு போகணும். அதுவும் தெரியும்.”

“அப்பாவுக்கு சைக்கிள் தவிர ஒண்ணும் ஓட்டத் தெரியாது. கால் மடங்காது. உதைச்சு ஸ்டார்ட் பண்ண முடியாது, கியர் போட முடியாது.”

“அதனாலதான் கடை வண்டி சரிப்படாது. இந்த உயரம்.” கையை முட்டிக்கு நேராக வைத்துக் காட்டினான். “ரெண்டு காலும் தரையில படணும். கியர் கிடையாது. பிரேக் கையில. கயித்த இழுத்தா ஸ்டார்ட்டு. குட்டி வண்டி. நானே செய்யுறேன்.”

அவள் முற்றத்தைக் கடந்து போய்ச் சொன்னாள். திரும்பி வந்தாள்.

“என்ன சொன்னார்?”

“‘பழைய இரும்புலயா’ன்னு கேட்டார்.”

மருமகன் சிரித்துவிட்டான். “ஆமான்னு சொல்லு.”

*

ஏழு நாளில் ஒரு வண்டி.

கேட் அடித்து மிஞ்சிய இரும்புக் குழாய்தான் உடம்பு. குழாய்க்குள் மணல் நிரப்பி, இரண்டு பக்கமும் அடைத்து, சூடுகாட்டி வளைத்தான். மணல் இல்லாவிட்டால் வளைகிற இடத்தில் குழாய் நசுங்கிப்போகும். சக்கரங்கள் மண் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியிலிருந்து கழற்றியவை. கைப்பிடி ஒரு லேடீஸ் சைக்கிளுடையது. கான்கிரீட் தளம் போடும் மேஸ்திரி ஒருவர், கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்கும் வைப்ரேட்டரிலிருந்து கழற்றிப்போட்ட பெட்ரோல் இன்ஜினைக் கொடுத்தார். சோற்றுப் பானை அளவு இருந்தது. அதன்மேல் ஒரு வருட சிமென்ட் உறைந்திருந்தது. உளியால் தட்டித் தட்டித்தான் உள்ளே இருப்பது இன்ஜின் என்றே தெரிந்தது.

கிளட்ச் ஒரு பழைய மொபெட்டுடையது. தானாகப் பிடிக்கும், தானாக விடும் ரகம். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் சுருங்கி விட்டுவிடும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் சீட்டுத் தைத்தாள். அப்பாவின் வலது கால் நீட்டியே இருக்கும் என்பதால் வலது பக்கம் ஸ்பான்ஜைக் குறைத்து, இடது பக்கம் உயர்த்தி வைத்தாள். பார்க்கக் கோணலாக இருந்தது.

“யார் தைச்சது? சீட்டு கோணையா இருக்கே!” என்றாள் அம்மா.

“உக்காரப்போற ஆளும் அப்படித்தாம்மா.”

முன் வீட்டு ஜன்னலில் ஒரு இருமல் கேட்டது.

தண்ணிக்காரர் பட்டறைப் பக்கம் வரவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் பேப்பரை விரித்துக்கொண்டு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார். நாலு நாளாக ஒரே பேப்பர்.

புதன்கிழமை ஒரு காரியம் நடந்தது. சின்னக் காரியம்.

வைப்ரேட்டர் இன்ஜினில் ‘கவர்னர்’ என்று ஒரு அமைப்பு இருக்கும். இன்ஜின் ரொம்ப வேகமாகச் சுற்றினால் அது பெட்ரோலைக் குறைக்கும். பாரத்தில் திணறினால் கூட்டும். யாரும் கை வைக்காமலே ஒரே சீராக ஓடவைக்கும். வேகப் பிரியர்களுக்கு அது எமன். குட்டி வண்டி செய்கிறவர்கள் முதல் வேலையாக அதைத்தான் பிடுங்குவார்கள். இவனும் பிடுங்கினான். வெளியே இருந்த ஒரு கம்பி, ஒரு சின்ன ஸ்பிரிங், அவ்வளவுதான். பெட்ரோல் கூட்டும் கயிற்றை நேராகக் கைப்பிடித் திருகலில் கட்டினான்.

“உங்கப்பாகிட்ட சொல்லு. கவர்னரைக் கழட்டிட்டேன். இனிமே அவர் கை திருகுறதுதான் கணக்கு, நடுவுல யாரும் கிடையாதுன்னு.”

கையில் துவைத்த துணி, முழங்கையில் மாட்டிய வாளி, நாள் முழுக்க ரெக்சின் தைத்த அலுப்பு. அந்தப் பன்னிரண்டு எட்டில் பாதிச் செய்தி கீழே விழுந்துவிட்டது.

“அப்பா, வண்டி நல்லா வேகமாப் போகுமாம்.”

“அப்படியா” என்றார் தண்ணிக்காரர்.

*

சனிக்கிழமை சாயங்காலம் கயிற்றை இழுத்தார்கள்.

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. பத்தாவது இழுப்பில் ஒரு தும்மல். இருபதாவதில் உறுமியது, கைப்பிடியைத் திருகியதும் செத்தது. மருமகன் பிளக்கைக் கழற்றினான். அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

“பெட்ரோல் அதிகமாக் குடிக்குது” என்று கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று உள்ளே விட்டான். இப்போது வேகம் எடுத்தது. ஆனால் பட் பட்டென்று வெடித்தது. பிளக் சுண்ணாம்பு வெள்ளை. இப்போது பட்டினி. பெட்ரோல் வரும் ஜெட்டைக் கழற்றி, ஒற்றைச் செப்பு இழையால் துளையைத் துழாவி, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஊசிமுனையளவு சிமென்ட் துகள் பறந்தது. திருகை மறுபடி வெளியே எடுத்து, காதைச் சாய்த்து, வெளியே, இன்னும் கொஞ்சம், ஒரு மயிரிழை உள்ளே...

சத்தம் மாறியது. கிழிந்த துணி தைத்து முடிந்த மாதிரி ஒன்றாகச் சேர்ந்தது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். பிஸ்கட் நிறம்.

“வா, வா, பாரு! இந்த நிறம்தான்! இந்த நிறத்துக்குத்தான் மனுஷன் சாகுறான்!”

“கல்யாணத்தப்போ என் புடவையக்கூட இப்படிப் பாக்கல நீங்க” என்றாள் மனைவி.

வாட்டசாட்டமான அந்த ஆள் அதன்மேல் உட்கார்ந்ததும் முட்டி இரண்டும் காதுக்கு வந்தன. தவளை சைக்கிள் விட்ட மாதிரி தெருமுனை வரைக்கும் பறந்துவிட்டுத் திரும்பினான். மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“மாப்பிள்ளை, வண்டி எங்க? நீங்க மட்டும் பறந்து வர்ற மாதிரி இருக்கு!”

ஜன்னலில் பேப்பர் கீழே இறங்கியிருந்தது. தண்ணிக்காரர் சிரிக்கவில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

*

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டோம். அந்த மேடு. ஆறாவது வால்வுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் இருநூறு அடி நீள ஏற்றம்.

முதல் தடவை நின்றதும் மருமகன் கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டான். பிளக்கைப் பார்த்தான். பிஸ்கட் நிறம். கார்புரேட்டர் நிரபராதி.

இரண்டாம் தடவை, பின்சக்கரப் பல்சக்கரம் சின்னதாக இருக்குமோ என்று பெரியதை மாட்டி, செயினில் இரண்டு கண்ணி சேர்த்தான். அப்படியும் நின்றது.

மூன்றாம் தடவையை முதலிலேயே பார்த்தோம். கிளட்ச்சில் கை வைத்தான். சுட்டது. கருகிய வாசனை. கிளட்ச்தான் பிடிக்கவில்லையோ?

“தள்ளி நில்லு” என்று தானே ஏறி உட்கார்ந்தான். திருகினான். குட்டி வண்டி அலறிக்கொண்டு எழுபத்தெட்டு கிலோவையும் தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டது. இறங்கி வந்து, “நீ போ” என்றான். மனைவி போனாள். உச்சியிலிருந்து கையை ஆட்டிவிட்டு இறங்கி வந்தாள்.

தண்ணிக்காரர் ஐம்பத்தைந்து கிலோ. அவர் உட்கார்ந்தால் மட்டும் ஏறவில்லை.

“பாப்பா” என்றார் அவர், சாவியைப் பொறுக்கி எடுத்தபடி. “வண்டிக்கு என்னைப் பிடிக்கல போல. விட்டுடு. ஃபேன் இருக்குன்னு சொன்னாங்க.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மகளுக்குத்தான் தாங்கவில்லை.

“இன்னும் ஒரே தடவைப்பா. எனக்காக.”

நாலாவது தடவை மருமகன் கீழே நிற்கவில்லை. வண்டியோடு கூடவே ஓடினான். இன்ஜினைப் பார்க்கவில்லை, செயினைப் பார்க்கவில்லை. மாமனாரின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினான்.

மேடு ஆரம்பித்தது. பாரம் ஏறியதும் இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கியது. ஒரு முனகல்.

கை மூடியது.

அவருக்கே தெரியாமல் கைப்பிடித் திருகலைக் குறைத்தது. தூக்கத்தில் கொசுவை விரட்டுகிற மாதிரி. பெட்ரோல் குறைந்தது, இன்ஜின் வேகம் குறைந்தது, கிளட்ச் கட்டைகள் சுருங்கின, பிடி விட்டுப்போனது. வண்டி நின்றது.

“கண்டுபிடிச்சிட்டேன்!” என்று மூச்சிரைக்கக் கத்தினான் மருமகன். “உங்கப்பா கை! முனகுற நேரத்துல திருகிக் கூட்டணும். அவர் மூடுறார்!”

“நான் எங்க மூடினேன்? திறந்துதான் வச்சிருந்தேன்” என்றார் தண்ணிக்காரர் மகளிடம்.

“நான் பாத்தேன்னு சொல்லு.”

“பொய்னு சொல்லு.”

ஐந்தாவது தடவை அவரே தன் கையைப் பார்த்துக்கொண்டு போனார். முனகல் கேட்டது. கை மூடியது. அவர் திடுக்கிட்டுப் போனார். இன்னொருவருடைய கையைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தே வைக்கப் பார்த்தார். முடியவில்லை.

“கேக்க மாட்டேங்குது பாப்பா. பம்ப் முனகினா எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். அப்படியே விட்டா வெடிச்சிரும். உடனே குறைக்கணும். இருபத்தெட்டு வருஷம்... காது கேட்ட உடனே கை போயிடுது. என்னைக் கேக்குறதே இல்ல.”

“உங்கப்பாகிட்ட சொல்லு...” என்று ஆரம்பித்தான் மருமகன்.

“சொல்ல மாட்டேன்” என்றாள் அவள்.

“என்ன?”

“மூணு வருஷமா ரெண்டு பேருக்கும் நடுவுல குழாய் மாதிரி ஓடிக்கிட்டிருக்கேன். இன்னைக்கு நான் லீவு.” பெரிய குழாயின் நிழலில் உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து, தனக்கு மட்டும் தேநீர் ஊற்றிக்கொண்டாள்.

இரண்டு ஆண்களும் நின்றார்கள். நடுவில் வண்டி, சூடு ஆறும் சத்தத்தில் டிக் டிக்கென்றது. வெயில் உச்சியில் கொத்தியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கடைசியில் தண்ணிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குனிந்து, இன்ஜினிடம் கேட்டார்:

“ஏம்ப்பா இன்ஜினு, எங்க பம்புல லேசா பாரம் ஏறினா அதுவே எண்ணெயக் கூட்டிக்கும். சத்தமே இறங்காது. கவர்னர் பாத்துக்கும். உனக்குக் கவர்னர் கிடையாதா?”

மருமகன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். அவனும் குனிந்தான்.

“இன்ஜினு, சொல்லு. இருந்துச்சு. கழட்டியாச்சு. அது இருந்தா வேகம் போகாதுன்னு.”

“வேகம் யாருக்கு வேணும்னு கேளு. தண்ணி திறக்கப்போறவனுக்கா, தெருமுனைக்குப் பறக்குறவனுக்கா?”

மகளுக்குத் தேநீர் மூக்கில் ஏறியது.

மருமகன் காதுமடல் சிவந்தது. அவன் இன்ஜினையே பார்த்துக்கொண்டு சொன்னான்: “தப்புதான். யாருக்குச் செய்யுறேன்னு மறந்துட்டு எனக்குச் செஞ்சுட்டேன். புதன்கிழமையே சொல்லியும் அனுப்பினேனே, கவர்னரைக் கழட்டிட்டேன்னு?”

இரண்டு தலைகளும் மெல்ல நிழலின் பக்கம் திரும்பின.

“வேகமாப் போகுமாம்னு சொன்னேன்” என்றாள் அவள், டம்ளருக்குப் பின்னால் ஒளிந்தபடி. “அன்னைக்கு வாளி வேற தூக்கியிருந்தேன்.”

*

கவர்னரைத் திரும்ப மாட்ட வேண்டும். இன்ஜினுக்குள் இருக்கும் பாகம் அப்படியே இருந்தது. வெளியே வேண்டியது அந்தக் கம்பியும் ஸ்பிரிங்கும்தான். எங்கே?

கம்பி கிடைத்தது. வால்வுச் சாவி மாட்டக் கொக்கியாக வளைத்து வண்டியிலேயே பற்றவைத்திருந்தான். அறுத்து, நிமிர்த்தி, பழைய வளைவுக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம்.

ஸ்பிரிங்தான் இல்லை. பட்டறை முழுக்கத் துழாவினான். நட்டு டப்பாக்களைக் கொட்டினான். கடைகள் எல்லாம் பூட்டிய ஞாயிறு.

“அத்தை, இங்க ஒரு குட்டி ஸ்பிரிங் பாத்தீங்களா? சுண்டு விரல் நீளம்?”

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டாள். முகம் மாறியது. “அது... வேணுமா மாப்பிள்ளை?”

சமையலறை அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். திறந்த கதவு ‘பட்’டென்று தானே மூடிக்கொண்டது. புதன்கிழமை குப்பையில் கிடந்ததைப் பொறுக்கி மாட்டியிருந்தாள்.

“இருபது வருஷமா அந்தக் கதவு மூடாது. பூனை நுழையும். ஒருத்தரும் பாக்கல. நாலு நாளாத்தான் மூடிக்கிட்டிருந்துச்சு.” கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். “போகட்டும். ஊருக்குத் தண்ணி வந்தா சரி. பூனைக்கு நான் குச்சி வச்சுக்கிறேன்.”

“திங்கக்கிழமை முடியட்டும். உங்களுக்குப் புதுக் கதவே போட்டுத் தர்றேன்.”

“போட்டுத் தருவீங்க. மூணு வருஷம் கழிச்சு.”

கைத்திருகலைக் கழற்றி எறிந்தான். அதற்குப் பதில் ஒரு நெம்புகோல். பழைய சைக்கிள் கியர்க் கைப்பிடி. வைத்த இடத்தில் நிற்கும். எவ்வளவு வேகம் என்பதை அது சொன்னால் போதும். மீதியைக் கவர்னரும் ஸ்பிரிங்கும் பேசி முடித்துக்கொள்ளும். தண்ணிக்காரர் இந்தத் தடவை ஜன்னலில் இல்லை. பட்டறைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வாய் பேசவில்லை. ஸ்பிரிங்கின் இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் இன்ஜின் தகட்டில் மூன்று ஓட்டைகள் இருந்தன. மருமகன் முதல் ஓட்டையில் மாட்டினான். தண்ணிக்காரர் இருமினார். இரண்டாவதில் மாட்டினான். இருமல் இல்லை.

மேட்டில் ஏற்றிப் பார்க்க நேரமில்லை. மாலையில் தூறல் பிடித்து, பாதை சேறாகிவிட்டது.

*

திங்கட்கிழமை காலை. ஆறு மணிக்கு அவர் தனியாகத்தான் கிளம்ப வேண்டும். மகளும் மருமகனும் ஒன்பதாவது வால்வுக் குழியருகில் போய் நின்றுகொண்டார்கள். அங்கிருந்து பாதை தெரியாது. மேட்டின் விளிம்பும் வானமும்தான் தெரியும்.

ஆறு இருபது. ஆறு முப்பது. அவன் குழாயில் காதை வைத்தான்.

“என்ன கேக்குது?”

“தண்ணி ஓடுற சத்தம். அஞ்சாவது திறந்திருப்பார்.”

ஆறு நாற்பது. குழாயில் ‘கிர்ர்’ என்று ஒரு அதிர்வு. ஆறாவது. அடுத்தது அந்த மேடு. நேற்றைய தூறலில் நனைந்த மேடு.

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அந்த முனகலுக்காகக் காத்திருந்தார்கள். சத்தம் இறங்கும்; பிறகு நிற்கும்; பிறகு இரும்புச் சாவி விழும் ‘டங்’.

ஒரு சத்தம் வந்தது. தூரத்தில், கீழே. ஒரே சீராக. ஏறவில்லை, இறங்கவில்லை.

“என்னங்க இது, பம்ப் சத்தமா கேக்குது?” என்றாள். “பம்ப் அறை அவ்வளவு தூரத்துல இருக்கே.”

அவன் குழாயிலிருந்து காதை எடுத்தான். பம்ப் சத்தம் மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது.

விளிம்பில் முதலில் சாவியின் தலை தெரிந்தது. பிறகு ஒரு தொப்பி. பிறகு தண்ணிக்காரர், முதுகு நிமிர்ந்து, ஒரு கால் நீட்டி, கோணல் சீட்டில் நேராக உட்கார்ந்து, இரண்டு கைகளும் கைப்பிடியைச் சும்மா பிடித்திருக்க, நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒரு மந்திரி ஊர்வலம் போகிற மாதிரி வந்தார். சக்கரம் சேற்றில் புதைந்தபோதும் சத்தம் மாறவில்லை. கவர்னர் பார்த்துக்கொண்டது.

ஏழாவதில் நிறுத்தினார். திறந்தார். எட்டாவதில் நிறுத்தினார். திறந்தார். ஒன்பதாவது குழியில் சாவியை இறக்கி, முழு உடம்பையும் சாய்த்து, பன்னிரண்டு சுற்று. நிமிர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆறு ஐம்பத்துமூன்று.

ஒன்பதாவது தெருக் குழாய்கள் இருமி, துப்பி, கொட்ட ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆயிற்று. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. மேற்பார்வையாளர் அம்மா. எடுத்துக் காதில் வைத்தார். அந்த அம்மாவின் குரல் மூன்று பேருக்கும் கேட்டது.

“ஐயா! தண்ணி வந்துடுச்சு!”

“ஆமாம்மா.”

“இவ்வளவு சீக்கிரம் வரும்னு யாரு கண்டா? குழாயைத் திறந்து போட்டுட்டுப் பல் தேய்ச்சிக்கிட்டு இருந்தேன். சமையலறை முழுக்கத் தண்ணி! மாவு டப்பா மிதக்குது!”

“ஐயோ. நான் என்னம்மா செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேணாம்.” ஒரு நிமிடம் பெருக்குமாற்றுச் சத்தம் மட்டும். “நாளைக்கும் இதே நேரத்துக்கு வருமா?”

தண்ணிக்காரர் வண்டியைப் பார்த்தார்.

“வரும்” என்றார். “வரும்.”

போனைப் பையில் போட்டுவிட்டு, கைக்குட்டையால் இன்ஜின் மேலிருந்த சேற்றைத் துடைத்தார். குனிந்து செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். நிமிராமலே சொன்னார்:

“மாப்பிள்ளை, செயின் கொஞ்சம் தொங்குது. சாயங்காலம் பாக்கணும்.”

மருமகன் பழக்க தோஷத்தில் மனைவி பக்கம் திரும்பி, அவள் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

“என்னை ஏன் பாக்குறீங்க?” என்றாள் அவள். “உங்களைத்தான்.”